சாவி யார் கையில்?

நம் பள்ளிகளில் இணையப் பாதுகாப்பு என்றால், கடவுச்சொல்லைப் பிறரிடம் சொல்லாதே, அறியாதவர் அனுப்பும் இணைப்பைத் திறக்காதே என்று பிள்ளைகளுக்கு அறிவுரை கூறுவதோடு முடிந்துவிடுகிறது. நாட்டின் இறையாண்மையோ சமூகவியல் பாடத்தில் வரும் வேறொரு தலைப்பு. இவ்விரண்டையும் பிரித்து வைத்திருப்பது தவறு என்பதே என் வாதம்.

2024 ஆகஸ்டு 4ஆம் நாள் நிகழ்ந்ததை எண்ணிப் பாருங்கள். 26 உயர்நிலைப் பள்ளிகளைச் சேர்ந்த ஏறத்தாழ 13,000 மாணவர்களின் ஐபேடுகளிலும் குரோம்புக்குகளிலும் இருந்தவை தொலைவிலிருந்தே அழிக்கப்பட்டன. தேர்வுக்காக எழுதி வைத்த குறிப்புகளும் அவற்றில் அடக்கம். பிள்ளைகள் செய்த பிழை ஏதுமில்லை. அக்கருவிகளை நிர்வகித்த மொபைல் கார்டியன் செயலியின் தளத்திற்குள் யாரோ புகுந்துவிட்டார்கள். அந்நிறுவனம் பிரிட்டனைத் தலைமையிடமாகக் கொண்டது. அதே ஆண்டு ஏப்ரலிலேயே அதன் வழியாக 127 பள்ளிகளின் பெற்றோர், ஊழியர் பெயர்களும் மின்னஞ்சல் முகவரிகளும் கசிந்திருந்தன. ஆகஸ்டுக்குப் பிறகே கல்வி அமைச்சு அச்செயலியை எல்லாக் கருவிகளிலிருந்தும் நீக்கியது.

புகுந்தவர் ஓர் அரசின் ஆளா, தனி ஆளா என்பது இங்கு முக்கியமன்று. எடுசேவ் பணத்திலும் நம் பணத்திலும் வாங்கிய கருவியை முற்றாக அழிக்கும் அதிகாரம் கடல் கடந்த ஒரு நிறுவனத்தின் தளத்தில் இருந்தது. தேக்காவில் கடை வைத்திருப்பவர் எவரும் தம் கல்லாச் சாவியை இப்படி ஒப்படைப்பாரா?

ஒரு நாட்டின் நிலப்பரப்பில் உள்ள தகவல் கட்டமைப்பின்மீது அந்நாட்டுக்கே அதிகாரம் உண்டு என்று ஐ.நா. நிபுணர் குழு 2013இல் ஒப்புக்கொண்டது. 2021 முதல் 2025 வரை இப்பொருள் குறித்த ஐ.நா. பணிக்குழுவுக்குத் தலைமை தாங்கியவர் நம் தூதர் புர்ஹான் கஃபூர். பெருமைதான். ஆனால் கருவி நம் மண்ணிலும் அதன் சாவி வேறு மண்ணிலும் இருக்கையில், நிலப்பரப்பை வைத்துப் பேசும் இறையாண்மையால் வகுப்பறைக்கு என்ன பயன்?

சிறிய நாடு, என்ன செய்ய முடியும் என்பார்கள். 2018இல் சிங்ஹெல்த்திலிருந்து 15 இலட்சம் நோயாளிகளின் விவரங்கள் திருடப்பட்டன. பிரதமர் லீ சியன் லூங்கின் விவரங்களும் அவற்றுள் இருந்தன. செய்தவர் யாரென்று அறிவோம், வெளியிடுவது நாட்டு நலனுக்கு உகந்ததன்று என்று அரசு 2019இல் கூறியது. வல்லரசுகளிடையே வாழும் சிறிய நாட்டுக்கு அம்மௌனம் தேவையாகலாம். அதனை நான் குறை கூறேன். பள்ளிக்கூட ஒப்பந்தத்தில் என்ன மௌனம் வேண்டியிருக்கிறது? இங்கே எந்த வல்லரசும் நம் வாயைக் கட்டவில்லை. "முழுதும் அழி" என்னும் கட்டளை இந்நாட்டிலுள்ள பொறுப்பாளர் ஒருவரின் ஒப்புதலின்றி நிறைவேறக் கூடாது என்று எழுதிக் கையொப்பம் வாங்குவதற்குப் படைபலம் வேண்டியதில்லை.

நகல் எடுத்து வைக்கக் கற்றுக்கொடுத்தால் போதும் என்போர், வீடு எரிந்தால் வேறு வீட்டில் உடுப்பு வைத்திருக்கச் சொல்கிறவர்கள். அடுத்த பெற்றோர் சந்திப்பில் மதிப்பெண்ணைப் பற்றிக் கேட்டு முடித்தபின் ஒன்று கேளுங்கள்: என் பிள்ளையின் கருவியில் உள்ள செயலி எந்த நிறுவனத்தினுடையது, அதை அழிக்கும் அதிகாரம் யாருக்கு, இழப்பு நேர்ந்தால் பொறுப்பு யாருடையது? விடை தெரியாத ஆசிரியர்கள் தலைமையாசிரியரிடம் எழுத்தில் கேட்கட்டும்.