விரியன் கடித்துப் பல வருடம் கழித்து

இந்த வாரம் நாளிதழுக்குள் செருகி வந்த ஒரு விளம்பரத் துண்டு வயிற்றெரிச்சலைக் கிளப்பிவிட்டது. 'முழுமையான தைராய்டு பரிசோதனை' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். உள்ளே பார்த்தால் டிஎஸ்எச் ஒன்றுதான். அது தைராய்டுக்குப் பிட்யூட்டரி போடும் உத்தரவு. தைராய்டு பழுதானால் ஏறும். உத்தரவு போடும் பிட்யூட்டரியே படுத்துவிட்டால், தைராய்டு சுரக்கும் டி4 ஹார்மோன் குறைந்திருக்கும், டிஎஸ்எச் பெரும்பாலும் நார்மல் என்றே வரும். டி4 பார்க்காத பரிசோதனை எப்படி முழுமையாகும்?

அந்தத் துண்டைப் பார்த்ததும் எனக்குக் கண்ணாடி விரியன் ஞாபகம்தான் வந்தது. என் விரியன் புராணம் வாசகர்களுக்குத் தெரியும். அதன் நஞ்சு சிறுநீரகத்தை என்ன செய்யும் என்று நிறையவே எழுதியாயிற்று. இன்று பிட்யூட்டரியின் முறை. மூளைக்கு அடியில், எலும்புக் குழிக்குள், பட்டாணி அளவே உள்ள சுரப்பி. நஞ்சு அதன் நுண்குழாய்களில் ரத்தத்தை உறையவைக்கும், உள்ளேயே கசியவும் விடும். சுரப்பி செத்துப்போகும். பிரசவத்தில் ரத்தம் கொட்டிய பெண்களுக்கு இதே கதி நேர்வதை 1937-இல் ஷீஹன் என்ற மருத்துவர் விவரித்தார். விரியன் கடித்தவர்களுக்கும் அப்படியே ஆவதை, பர்மாவில் செய்த ஆய்வை வைத்து 1987-இல் 'லான்செட்' வெளியிட்டது.

எங்கள் ஊரில் கடலை பிடுங்கப் போன அக்கா ஒருவரை விரியன் கடித்தது. விஷமுறிவு மருந்து, டயாலிசிஸ் எல்லாம் முடிந்து பிழைத்து வந்தார். அப்புறம் தீட்டு நின்றது. அக்குள் முடி உதிர்ந்தது. சித்திரை வெயிலிலும் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வேலைக்குச் சோம்பல் என்று வீட்டில் பேச்சு. டிஎஸ்எச் எடுத்துப் பார்த்து, ஒன்றுமில்லை என்று சத்து மாத்திரை கொடுத்தார்கள். வருடங்கள் ஓடின. ஒரு சாதாரணக் காய்ச்சலில் பிரஷர் இறங்கி மயங்கி விழுந்தார். அன்றைக்கு டியூட்டியில் இருந்த இளம் டாக்டர்தான், "எப்பவாவது பாம்பு கடிச்சிருக்காம்மா?" என்று கேட்டார். அந்தப் பிள்ளை நல்லா இருக்கணும்.

பிட்யூட்டரியின் உத்தரவில் சுரக்கும் இன்னொரு ஹார்மோனான கார்ட்டிசால் அடிமட்டத்தில் இருந்தது. அதற்கு ஈடாக முதலில் ஸ்டீராய்டு, பிறகுதான் தைராய்டு மாத்திரை. இந்த வரிசை மாறினால் உயிருக்கே ஆபத்து. இப்போது அக்கா களையெடுக்கப் போகிறார். காய்ச்சல் வந்தால் ஸ்டீராய்டு அளவைக் கூட்டவேண்டும், எந்த நாளும் தானாக நிறுத்தக்கூடாது என்று அவருக்குப் பாடமாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

விரியன் கடித்து வீடு திரும்புகிறவரின் டிஸ்சார்ஜ் சீட்டில் ஒரு வரி எழுதிக் கொடுங்கள், டாக்டர்களே: அசதியோ, தீட்டு நிற்பதோ, முடி உதிர்வதோ எத்தனை வருடம் கழித்து வந்தாலும், காலை எட்டு மணிக்குக் கார்ட்டிசாலும், கூடவே டி4-உம் பார்க்க வேண்டும்.