ஏழு நாள் அறைக்கு முப்பது வருஷச் சந்தா

பேங்கில் இருந்து ரிட்டயர் ஆகிப் பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்றைக்கும் ராஜபாளையத்தில் யாராவது வீடு தேடி வந்தால், பாதி பேர் கேட்பது ஃபிக்சட் டெபாசிட் சம்பந்தமாகத்தான் இருக்கும். போன ஆவணியில் ஒரு மத்தியானம் அண்ணாச்சி வந்தார். என்னைவிட நாலு வயது மூத்தவர். இங்கே ஒரு நூற்பாலையில் முப்பத்தாறு வருஷம் வேலை பார்த்தவர். கையில் ஒரு மஞ்சப்பை.

"சார், ஒரு எஃப்.டி.யை முன்கூட்டியே முறிச்சா எவ்வளவு பிடிப்பாங்க?"

"அது கிடக்கட்டும். எதுக்கு அண்ணாச்சி முறிக்கணும்? மதினிக்கு உடம்புக்கு ஏதாவதா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. இரண்டு லட்சம் கட்டினா எட்டு லட்சம் வரும்னு சொல்றாங்க."

பேங்கில் இருந்த காலத்தில் இந்த வாக்கியத்தைக் கேட்டால் எனக்கு வயிறு கலங்கும். அன்றும் கலங்கியது. காப்பி வந்தது, மஞ்சப்பை திறந்தது, மெல்ல மெல்லக் கதையும் வந்தது.

2018 ஜனவரியில் மகன் குடும்பத்தோடு தென்கிழக்கு ஆசியாவில் ஒரு கடற்கரை ஊருக்குப் போயிருக்கிறார். சாயங்காலம் கடைத்தெருவில் ஒரு பையன் சுரண்டுகிற சீட்டு ஒன்றைக் கொடுத்திருக்கிறான். சுரண்டினால் பரிசு. பரிசை வாங்க ஓர் ஓட்டலுக்கு வரவேண்டும், ஒன்றரை மணி நேரம் பேசுவார்கள், கணவன் மனைவி இருவரும் வரவேண்டும். ஒன்றரை மணி நாலரை மணி ஆனது. ஜூஸ் வந்தது, சாப்பாடு வந்தது, இந்தி பேசும் ஆள் வந்தான், கடைசியில் தமிழ் பேசும் ஆளே வந்துவிட்டான். வருஷத்துக்கு ஏழு நாள், முப்பது வருஷம், கடலைப் பார்த்த அறை. மொத்தம் நாலு லட்சம் ரூபாய் சொச்சம். இன்றைக்கு மட்டும்தான் இந்த விலை. மகனின் கிரெடிட் கார்டைத் தேய்த்தார்கள். ஊருக்கு வந்ததும் பி.எஃப். பணத்திலிருந்து மகனுக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டார் அண்ணாச்சி.

ஏன் இருவரும் வரவேண்டும் என்கிறார்கள் தெரியுமா? "வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுச் சொல்கிறேன்" என்று நீங்கள் எழுந்து வரக்கூடாது என்பதற்காக. எனக்குத் தெரியும், நானும் உட்கார்ந்தவன்தான். 2004இல் மதுரையில் ஒரு ஓட்டல் ஏ.சி. ஹாலில் நானும் என் வீட்டம்மாவும் மூன்று மணி நேரம் உட்கார்ந்து இரண்டு செக் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம். பஸ் கிருஷ்ணன்கோவில் தாண்டும்போது அவள் கேட்டாள்: "நம்ம வருஷா வருஷம் எங்கங்க போகப் போறோம்?" மறுநாள் காலையில் முதல் வேலையாக இரண்டாவது செக்குக்கு ஸ்டாப் பேமென்ட் கொடுத்தேன். முதல் செக் போனது போனதுதான், பத்தாயிரம். கடன் கேட்டு வருகிறவர்களை ஆயிரம் கேள்வி கேட்ட நான் அன்று ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. இதை இதுவரை எங்கும் எழுதியதில்லை.

டைம்ஷேர் என்பதே மோசடி என்று நான் சொல்ல வரவில்லை. 1960களில் ஐரோப்பாவில் பிறந்த யோசனை அது. நம் பக்கத்தில் சென்னையைச் சேர்ந்த ஸ்டெர்லிங் 1986இல் ஆரம்பித்து, கொடைக்கானல் மூலமாக நடுத்தரக் குடும்பங்களுக்கு அதைப் பழக்கியது. மஹிந்திரா 1996இல் வந்தது, 25 வருஷ உறுப்பினர் திட்டத்தோடு. வருஷம் தவறாமல் போய்வந்து சந்தோஷமாக இருக்கிற குடும்பங்களும் எனக்குத் தெரியும். பள்ளிக்கூட வயதுப் பிள்ளைகள், லீவு கிடைக்கிற வேலை, ஊர் சுற்றுவதில் ஆசை, இந்த மூன்றும் இருந்தால் சரிப்படலாம். அறுபத்தைந்து வயதுக்காரருக்கு முப்பது வருஷத் திட்டத்தை விற்பது வேறு விஷயம்.

கணக்கைப் பாருங்கள். நாலு லட்சத்தை ஏழு சதவீத வட்டிக்குப் போட்டிருந்தால் வருஷம் 28,000. பராமரிப்புக் கட்டணம் அப்போது 330 டாலர், அன்றைய மதிப்பில் சுமார் 21,000. ஆக மொத்தம் 49,000. ஏழால் வகுத்தால் ஒரு ராத்திரிக்கு 7,000 ரூபாய். சாப்பாடு தனி, விமான டிக்கெட் தனி. போகாவிட்டாலும் இதே செலவுதான். கொரோனா காலத்தில் விமானமே பறக்கவில்லை, பில் மட்டும் வந்தது. கட்டணமும் ஏறியது, டாலரும் ஏறியது. 64 ரூபாயாக இருந்த டாலர் 85ஐத் தாண்ட, பராமரிப்புக் கட்டணமே 36,000 பக்கம் வந்துவிட்டது. அண்ணாச்சி போனது மொத்தம் ஒரே ஒரு தடவை.

இதிலிருந்து வெளியே வர வழி உண்டா? உண்டு, ஆனால் முதல் சில நாட்களிலேயே விழித்துக்கொள்ள வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2008ஆம் ஆண்டு நெறிமுறைப்படி, கையெழுத்துப் போட்ட 14 நாளுக்குள் காரணமே சொல்லாமல் ரத்து செய்யலாம். அந்த 14 நாளும் முன்பணம் என்று ஒரு காசு வாங்கக்கூடாது. அமெரிக்காவில் ஃப்ளோரிடாவில் 10 நாள். ஸ்பெயினில் இன்னும் ஒரு படி மேலே போய், காலவரம்பே இல்லாமல் எழுதிய பழைய ஒப்பந்தங்கள் செல்லாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2015இல் தீர்ப்புச் சொன்னது. நம் நாட்டில் டைம்ஷேருக்கென்று தனிச் சட்டம் கிடையாது. வாங்கிய மறுநாள் மனம் மாறினால், ஒப்பந்தத்தில் கம்பெனி தானாக எழுதிவைத்திருக்கும் சலுகைதான் கதி. இது எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது. இன்ஷூரன்ஸ் பாலிசி வாங்கினால் திருப்பிக் கொடுக்க நாள் கொடுக்கிறார்கள். ஓட்டல் ஹாலில் நாலு மணி நேரம் உட்காரவைத்து விற்கிற எதற்கும் அதே மாதிரி பதினைந்து நாள் கட்டாயம் என்று சட்டம் வரவேண்டும். எம்.பி.க்களுக்கு மனுக் கொடுப்பவர்கள் இதையும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அண்ணாச்சியை முழுசாகக் கவிழ்த்தது அந்த ஓட்டல் இல்லை, அதற்குப் பின்னால் வந்த போன்கள்தான். 2022இல் ஒருவன் கூப்பிட்டிருக்கிறான். ஒப்பந்த எண், அறை எண், கட்டின தொகை எல்லாம் சரியாகச் சொல்லியிருக்கிறான். "உங்கள் டைம்ஷேரை வாங்க ஒரு கம்பெனி தயார், ஒன்பது லட்சம் தருவார்கள், தடையில்லாச் சான்றுக்கு மட்டும் 36,000 கட்டுங்கள்." கட்டினார். அப்புறம் ஜி.எஸ்.டி., அப்புறம் டாலரை ரூபாயாக மாற்றும் கட்டணம், அப்புறம் "திரும்ப வரும் டெபாசிட்". மூன்று மாதத்தில் 1,86,000. பிறகு நம்பர் உபயோகத்தில் இல்லை. இப்போது மூன்றாவதாக ஒருவன்: தான் கோர்ட்டிலிருந்து பேசுவதாகவும், ஏமாற்றியவர்களைப் பிடித்தாயிற்று, எட்டு லட்சம் கோர்ட்டில் இருக்கிறது, இரண்டு லட்சம் கட்டினால் விடுவிப்பதாகவும் சொல்கிறான். அதற்குத்தான் எஃப்.டி.

ஒரே ஆளிடம் மூன்று தடவை. ஏமாந்தவர்களின் பட்டியல் கைமாறுகிறது என்பதுதான் இதன் அர்த்தம். உலகம் முழுவதும் இப்படித்தான். மெக்ஸிகோவில் டைம்ஷேர் வைத்திருந்த அமெரிக்க முதியவர்களை இதே பாணியில் போனில் பிடித்துக் கறந்தது ஹலிஸ்கோ போதைக் கும்பல். அதற்கு உடந்தை என்று சில கம்பெனிகள் மீது 2023இல் அமெரிக்கக் கருவூலத் துறை தடை போட்டது. போதைப்பொருள் விற்கிறவனுக்கே இதில் லாபம் தெரிகிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

நம் நாட்டிலும் ஆறின புண் இல்லை. மும்பையின் பான்கார்ட் கிளப்ஸ் "அறை இரவுகள்" என்று விற்றது. தங்காவிட்டால் பிற்பாடு பெரிய தொகையாகத் திரும்ப வரும் என்பது ஆசை வார்த்தை. சுமார் 51 லட்சம் பேரிடம் வாங்கிய 7,035 கோடியைத் திருப்பிக் கொடு என்று 2016 பிப்ரவரியில் செபி உத்தரவு போட்டது. உத்தரவு வேறு, பணம் வேறு என்பதை அந்த முதலீட்டாளர்களைக் கேட்டால் சொல்வார்கள். நிலம் தருவதாகச் சொன்ன பி.ஏ.சி.எல். விவகாரத்தில், நீதிபதி லோதா குழு கேட்கும் முன்னால் அசல் சான்றிதழை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள் என்றே எச்சரிக்கை செய்யவேண்டி வந்தது. பணம் வாங்கித் தருகிறேன் என்று ஆட்கள் கிளம்பிவிடுகிறார்கள்.

எனக்குத் தெரிந்த ஒரே சோதனை இது: உங்களுக்கு வரவேண்டிய பணத்துக்கு நீங்கள் முதலில் பணம் கட்டவேண்டும் என்று யார் சொன்னாலும் அவன் திருடன். நிஜமாகவே வாங்குகிறவன் இருந்தால் கமிஷனை விலையில் கழித்துக்கொள்ளட்டுமே. எந்தக் கோர்ட்டும் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டு ஜி.பே. நம்பர் கொடுக்காது.

அண்ணாச்சியிடம் நான் கேட்டது வேறு. "மகன்கிட்ட சொன்னீங்களா?" இல்லை. மதினிக்கு? இல்லை. "அவமானமா இருக்கு சார். ஐந்நூறு பேரை வேலை வாங்கினவன் நான்." அந்த அவமானம்தான் அவர்களுக்கு முதலீடு. நாம் வீட்டில் வாயைத் திறக்க மாட்டோம் என்று நம்மைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். நம் தலைமுறை ஆண்களுக்கு இது ஒரு வியாதி. எனக்கும் உண்டு, மேலே பத்தாயிரத்துக் கதையைச் சொல்ல இருபது வருஷம் ஆனதே.

அன்று சாயங்காலமே மதினியிடம் சொல்ல வைத்தேன். அவர் அழவில்லை, கத்தவில்லை. "எஃப்.டி. ரசீதை இனிமே நான் வச்சுக்கிறேன்" என்று மட்டும் சொன்னார். பிறகு 1930க்குப் போன் போட்டுப் புகார் பதிந்தோம். அந்த நம்பரை பணம் போன ஒரு மணி, இரண்டு மணி நேரத்துக்குள் கூப்பிட்டால்தான் வங்கியில் நிறுத்திவைக்க முடியும். இரண்டு வருஷம் கழித்துக் கூப்பிட்டால் பதிவு இருக்கும், அவ்வளவுதான். 1,86,000 வரவில்லை. வராது என்று அவரிடம் சொல்லியும் விட்டேன்.

அடுத்து மூலக் கம்பெனி. அதற்குச் சென்னையில் ஓர் அலுவலகம் இருந்தது, பராமரிப்பு பில்கள் அங்கிருந்துதான் வந்தன. இது முக்கியம். முழுக்க வெளிநாட்டில் இருக்கிற கம்பெனி மேல் இங்கே ஆர்டர் வாங்கினாலும் அதை அங்கே நிறைவேற்றுவது கஷ்டம். இங்கே ஓர் அலுவலகம் இருந்தால் பிடிக்க ஒரு கை கிடைக்கிறது. ஒப்பந்தத்தை ஒப்படைக்கிறேன், பணம்கூடத் திருப்ப வேண்டாம், இனி பில் அனுப்பாதே என்று பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு எழுதினோம். எழுதாமல் சும்மா கட்டாமல் விட்டுவிடக் கூடாது, பாக்கி என்று வட்டி போட்டுக்கொண்டே போவார்கள். பதிலுக்கு அவர்கள் பாக்கி கேட்டு வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார்கள். "நான் போனபிறகு இந்தக் கடன் பிள்ளை தலையில விழுமா?" என்று கேட்டார் அண்ணாச்சி. நம் சட்டப்படி வாரிசு, தனக்கு வந்த சொத்தின் அளவுக்கு மேல் அப்பாவின் கடனுக்குப் பொறுப்பில்லை. ஆனால் வீடு என்று ஒன்று இருக்கிறதே, அதனால் உயிரோடு இருக்கும்போதே முடித்துவிடுவது நல்லது.

நோட்டீஸ் வந்தது ஒருவகையில் நல்லதாகிப் போனது. நுகர்வோர் வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷம்தான் கெடு. ஒப்படைப்பை மறுத்ததும் பாக்கி கேட்டதும் இப்போதுதானே நடந்திருக்கிறது. 2019 சட்டத்தில், புகார்தாரர் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். நமக்கு அது ஸ்ரீவில்லிபுத்தூர். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கோர்ட் கட்டணம் இல்லை. வக்கீல் வைக்காமல் நாமே ஆஜராகலாம். தகராறு வந்தால் அந்த நாட்டு மத்தியஸ்தரிடம்தான் போகவேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. அதைப் பார்த்து அண்ணாச்சி மிரண்டுவிட்டார். இந்த மாதிரி மத்தியஸ்த ஷரத்து நுகர்வோர் ஆணையத்தின் கதவை அடைக்காது என்று எம்மார் எம்.ஜி.எஃப். வழக்கில் 2018இலேயே நம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அது தெரியாதவர்கள் 1915இல் நுகர்வோர் உதவி எண்ணைக் கூப்பிட்டாவது விசாரிக்கலாம்.

ராஜபாளையத்திலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம். ஆண்டாள் கோவில் கோபுரம் தெரிகிற வரைக்கும் அண்ணாச்சி பேசவே இல்லை. ஆணையத்தில் காத்திருந்தபோது பக்கத்தில் ஒரு அம்மா வாஷிங் மெஷின் வழக்குக்காக வந்திருந்தார். "உங்களுக்கு என்ன கேஸ்?" என்று கேட்டார். அண்ணாச்சி ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். பிறகு அந்த அம்மாவிடம் முழுக் கதையையும், சுரண்டின சீட்டிலிருந்து ஆரம்பித்து, தானாகவே சொன்னார்.

இரண்டு வாய்தா ஆகிவிட்டது. எதிர்த்தரப்பு இன்னும் பதில் போடவில்லை. பணம் வருமோ வராதோ, புகார் எண் கிடைத்தபிறகு பில் வருவது நின்றிருக்கிறது. போன்கள் மட்டும் நிற்கவில்லை. இப்போது அவற்றை மதினிதான் எடுக்கிறார், எதிர்முனை தானாகவே துண்டித்துக்கொள்கிறதாம். அடுத்த வாய்தாவுக்கும் கூடப் போகிறேன். திரும்பும்போது அரைக்கிலோ பால்கோவா வாங்கி வரச் சொல்லி மதினி இப்போதே உத்தரவு போட்டிருக்கிறார்.