பிதுங்கி நின்றால் பத்திரமா?

எஞ்சினில் ஆயில் கசிகிறதா? கேஸ்கெட் பேஸ்ட்டைத் தாராளமாக வை. நம்மூர்ப் பட்டறைகள் பலவற்றில் இதுதான் சர்வரோக நிவாரணி. எஞ்சினுக்கு அடியிலுள்ள ஆயில் சேம்பரைச் சுற்றிப் பேஸ்ட் பட்டையாகப் பிதுங்கி நின்றால்தான் வண்டிக்காரருக்கும் திருப்தி. "நல்லா டைட்டா சீல் பண்ணியிருக்கான்" என்று மெச்சிக்கொள்கிறார். எஞ்சினைக் காவு வாங்கும் மெச்சல் இது.

போல்ட்டை முறுக்கும்போது பேஸ்ட் உள்பக்கமும் பிதுங்கத்தானே செய்யும்? வெளியே வழிந்ததைத் துணியால் துடைக்கலாம். உள்ளே வழிந்ததை யார் துடைப்பது? அது புழுப்போல விளிம்பில் தொங்கி, சூட்டு ஆயிலில் ஊறி, என்றாவது பிய்ந்து விழும். பம்ப் இழுக்கிற இழுப்பில் ஸ்ட்ரெய்னர் வலையில் போய் அப்பிக்கொள்ளும். வலை அடைபட, ஆயில் பிரஷர் இறங்கும். கிராங்குக்கும் பேரிங்குக்கும் இடையே ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்கே இடைவெளி. அங்கே நிற்கும் ஆயில் படலம் அறுந்தால் பேரிங் தேய்ந்து, கடைசியில் எஞ்சின் பிடித்துவிடும். சொட்டுச் சொட்டாகக் கசிந்தபோது ஆயில் ஊற்றி ஓட்டிய வண்டி, 'சரிசெய்த' பிறகு கிராங்க் வேலைக்கு வந்து நிற்கும். பழியோ ஆயில் மேல் விழும்.

சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில் வைக்கும் ஹெட் கேஸ்கெட்டில் கூத்து இன்னும் மோசம். இன்றைய கார்கள் பலவற்றில் அது பல அடுக்கு எஃகுத் தகடு. பூச்சு கம்பெனியிலிருந்தே வருகிறது. அது கேட்பது சுத்தமான, மட்டமான பரப்பை. பல கார்களில் ஹெட்டின் வளைவு 0.05 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. ஃபீலர் கேஜ் வைத்துப் பார்த்து, தாண்டியிருந்தால் பரப்பைச் சீவி மட்டமாக்கும் ஃபேசிங் செய்ய வேண்டும். அதைச் செய்யாமல் பேஸ்ட் பூசினால் சிலிண்டரின் வெடிப்பழுத்தத்துக்கு அது தாங்குமா? பழைய கேஸ்கெட்டை எடுக்க மின்சாரத் தேய்ப்பு வட்டு போடுவதும் வினை. அதிலிருந்து உதிரும் அலுமினியம் ஆக்சைடு துகள்கள் ஆயிலில் கலந்து பேரிங்கைத் தின்னும் என்று ஜெனரல் மோட்டார்ஸ் தன் மெக்கானிக்குகளை எச்சரித்திருக்கிறது.

"கம்பெனிக்காரனே பேஸ்ட்தானே போடுறான்?" என்பார்கள். போடுகிறான்; சில எஞ்சின்களில் சேம்பருக்குக் கேஸ்கெட்டே கிடையாது. ஆனால் பிசுக்கில்லாத பரப்பில், இரண்டு மூன்று மில்லிமீட்டர் கனத்தில் ஒரே கோடு, சொன்ன வரிசையில் டார்க் ரெஞ்ச் முறுக்கு என்று எல்லாவற்றுக்கும் அங்கே கணக்கு உண்டு. சிலிக்கோன் பேஸ்ட் காற்றின் ஈரத்தை வாங்கித்தான் இறுகும். முழுதாக இறுகச் சுமார் 24 மணி நேரம் வேண்டும். நாம் அரை மணியில் சாவியைத் திருகுகிறோம்.

மெக்கானிக்கை மட்டும் ஏசிப் பயனில்லை. "சாயங்காலத்துக்குள்ள வண்டி வேணும்" என்று நெருக்குவது நாம்தான். பேஸ்ட் ட்யூபுக்குக் காசு தருகிற நாம், சுரண்டித் துடைத்து மட்டம் பார்க்கும் கூலிக்குப் பேரம் பேசுகிறோம். அந்தக் கூலியை முழுசாகக் கொடுத்துவிட்டு, ஒரு ராத்திரி வண்டியைப் பட்டறையிலேயே விட்டு வாருங்கள். கிராங்க் வேலைக்கு ஆகும் செலவுக்கு முன் அது காலணா.