வண்டு வேகமும் ஒரு அரியர் கதையும்

என்ன மக்களே, செமஸ்டர் ரிசல்ட் வந்தாச்சா? காலையில ஊரப்பாக்கம் ஸ்டேஷன்ல பீச் லோக்கலுக்கு நிக்கும்போது முகம் தொங்கிப் போச்சுன்னா, இந்த வாரக் கதை உங்களுக்குத்தான்.

நம்ம சென்னைப் பையன் லிடியன் நாதஸ்வரத்தை ஞாபகம் இருக்கா? 2019-ல, 13 வயசுல, 'தி வேர்ல்ட்ஸ் பெஸ்ட்'ங்கிற அமெரிக்க டி.வி. ஷோவுல பியானோ வாசிச்சு 10 லட்சம் டாலரை அள்ளினவர். அங்கே அவர் வாசிச்சது 'ஃப்ளைட் ஆஃப் தி பம்பிள்பீ'. ரஷ்யாவின் ரிம்ஸ்கி-கோர்சகோவ் ஓர் ஓபராவுக்காக எழுதின 'வண்டு' இசை. முதல்ல நிமிஷத்துக்கு 208 பீட், அடுத்து 325 பீட். அரங்கமே ஆடிப்போச்சு!

இதே வண்டை பியானோவுக்கு ஏத்த மாதிரி மாத்தி, 1929 ஏப்ரல்ல ரெக்கார்டும் பண்ணினவர் இன்னொரு ரஷ்யர், செர்கெய் ராக்மனினோவ். கேட்டுப் பாருங்க. வேகம் இருக்கும், அவசரம் இருக்காது.

'பிறவி மேதைப்பா, நமக்கு எதுக்கு?'ங்கிறீங்களா? வெயிட் பண்ணுங்க. 1897-ல இவரோட முதல் சிம்பொனி அரங்கேறிச்சு. படு ஃப்ளாப்! விமர்சகர்கள் கிழிச்சுத் தொங்கவிட்டாங்க. அப்போ அவருக்கு வயசு 23. அடுத்த மூணு வருஷம் பெரிசா எதுவும் எழுத வரலை. வயித்துப்பாட்டுக்கு வேற வேலை பார்த்தார். 1900-ல நிக்கோலாய் டால்ங்கிற டாக்டர்கிட்ட மனசுக்கு சிகிச்சை எடுத்துக்கிட்டார். 1901-ல ரெண்டாவது பியானோ கன்செர்ட்டோவை முடிச்சு, அதை அந்த டாக்டருக்கே சமர்ப்பணம் பண்ணிட்டார்.

அதோட முடியலை. 1917-ல ரஷ்யப் புரட்சி. சொத்தை விட்டுட்டு, 44 வயசுல குடும்பத்தோட நாட்டைவிட்டுக் கிளம்பினார். அதுக்கப்புறம் சோறு போட்டது பியானோ மேடைதான். ஷோபின், ஷூமன்னு அவர் வாசிச்ச ரெக்கார்டுகள் எல்லாம் அப்படி வந்ததுதான். அந்தக் கால இசைத்தட்டுல ஒரு பக்கத்துக்கு நாலு நிமிஷம் சொச்சம். நீங்க ஊரப்பாக்கத்துல ஏறி வண்டலூர் போற நேரம்! கட்-பேஸ்ட் கிடையாது. கடைசி நொடியில விரல் சறுக்கினாலும் அந்தப் பக்கம் முழுசையும் மறுபடி வாசிக்கணும்.

வண்டைப் பதிவு பண்ணின அதே 1929 ஏப்ரல்ல, ஸ்டோகோவ்ஸ்கியின் ஃபிலடெல்ஃபியா ஆர்கெஸ்ட்ராவோட அந்த ரெண்டாவது கன்செர்ட்டோவையும் அவரே வாசிச்சுப் பதிவு பண்ணினார். ஆரம்பத்துல பியானோ மட்டும்தான். தூரத்துல மணி அடிக்கிற மாதிரி மெதுவா ஆரம்பிச்சு, கிட்ட கிட்ட வரும். ஒரு காலத்துல ஒரு வரிகூட எழுத முடியாம உட்கார்ந்திருந்தவர் அடிக்கிற மணி அது!

இந்த வார ஹோம்வொர்க்: அந்த மணியைக் கேளுங்க, அப்புறம் வண்டு. இந்தியாவுல இசைத்தட்டுக்குக் காப்புரிமை 60 வருஷம்தான். அதனால இந்தப் பழைய பதிவுகளைக் காசில்லாம, பயமில்லாம கேட்கலாம். அரியர் எழுதணுமா, எழுதுங்க. மனசு ரொம்ப கனமா இருந்தா, ராக்மனினோவ் மாதிரியே ஒரு டாக்டர்கிட்ட போங்க. அதுல வெட்கப்பட ஒண்ணுமே இல்லை.

ஆல் தி பெஸ்ட்!