கடிகாரம் பார்க்காத ஆட்டமும் காத்திருக்காத கப்பலும்



உல்லாசக் கப்பலில் விடுமுறைப் பயணம் சென்று வந்த உறவினர் யாரேனும் உங்கள் இல்லத்துக்கு வந்தால், "எந்தெந்த ஊர்களைப் பார்த்தீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். விரல் விட்டு எண்ணி வரிசையாகச் சொல்வார். "அந்த ஊர் மக்கள் எப்படிப்பட்டவர்கள்?" என்று அடுத்த கேள்வியைக் கேளுங்கள். பதில் சற்றே தயங்கும். அவரைக் குறை சொல்வதற்கில்லை. கப்பல் காலையில் கரை சேர்கிறது; மாலையில் புறப்பட்டு விடுகிறது. இடையில் கிடைக்கும் எட்டு, ஒன்பது மணி நேரத்தில் ஒரு கோபுரம், ஒரு கடைத்தெரு, சில புகைப்படங்கள். அவ்வளவுதான். ஊரைக் கண்டார், ஊராரைக் காணவில்லை.

இந்தச் சிறு பொழுதில் ஊராரைக் காண வழி உண்டா? உண்டு. அவர்கள் தம் குழந்தைகளோடும் முதியவர்களோடும் கூடி அமரும் இடத்தில் நாமும் சென்று அமர்வதே அவ்வழி. ஜப்பான் நாட்டின் யோகோஹாமா நகரில் அத்தகைய இடம், கப்பல் துறையிலிருந்து நடந்து செல்லும் தொலைவிலேயே இருக்கிறது. அது ஒரு பேஸ்பால் மைதானம்.

"இவ்வளவு பணம் செலவிட்டுச் சென்று, விதி கூடத் தெரியாத ஓர் ஆட்டத்தைப் பார்த்துப் பகலைக் கழிப்பதா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. முதலில் அந்த இடத்தின் கதையைக் கேளுங்கள். பிறகு முடிவு செய்யுங்கள்.

துறையிலிருந்து மைதானம் வரை

யோகோஹாமாவில் கப்பல்கள் அணையும் பழைய துறையின் பெயர் ஓசன்பாஷி. 1894-ஆம் ஆண்டு முதன்முதலில் அமைக்கப்பட்டது. இப்போதுள்ள பயணியர் முனையம் 2002-இல் கட்டி முடிக்கப்பட்டது. அதன் கூரையே மரப்பலகை பாவிய நடைமேடையாகவும் புல்வெளியாகவும் விளங்குகிறது. அங்கிருந்து இறங்கிச் சிறிது தூரம் நடந்தால் நிஹோன் ஓதோரி என்னும் அகன்ற சாலை வரும். 1866-இல் நகரை எரித்த பெருந்தீக்குப் பின், இனி ஒரு தீ பரவாதிருக்க வேண்டும் என்னும் நோக்கத்தோடு இவ்வளவு அகலமாக அமைத்தார்கள். இதைத் திட்டமிட்டவர் ரிச்சர்ட் ஹென்றி பிரண்டன் என்னும் ஸ்காட்லாந்துப் பொறியாளர். ஜப்பானின் கரையோரங்களில் பல கலங்கரை விளக்கங்களைக் கட்டியவரும் இவரே. அச்சாலை முடியுமிடத்தில் 1876-இல் திறக்கப்பட்ட யோகோஹாமா பூங்கா இருக்கிறது. பூங்காவின் நடுவே மைதானம். நிதானமாக நடந்தாலும் கால் மணி நேரம் போதும்.

மூடியிருந்த கதவு

இன்று சுமார் 34,000 பேர் அமரும் அந்த இடத்தில், ஒரு காலத்தில் உள்ளூர் மக்களுக்கு ஆட இடமில்லை என்றால் நம்புவீர்களா?

1859-இல் இத்துறைமுகம் அந்நிய நாட்டவர்க்குத் திறந்து விடப்பட்டது. வந்தவர்கள் தமக்கெனக் குடியிருப்பும் தமக்கென நீதிமன்றமும் வைத்துக் கொண்டனர். பூங்காவிலிருந்த விளையாட்டுத் திடலும் வெளிநாட்டவர் சங்கத்தின் கையில் இருந்தது. இதற்கிடையே 1872 வாக்கில், தோக்கியோவில் ஆசிரியராக இருந்த ஹொரேஸ் வில்சன் என்னும் அமெரிக்கர் தம் மாணவர்களுக்குப் பேஸ்பாலைக் கற்றுக் கொடுத்தார். ஆட்டம் கல்விக்கூடங்களில் வேகமாகப் பரவியது. 1894-இல் சூமான் கனாயே என்பவர் அதற்கு "யாக்யூ" என்று சொந்த மொழியிலேயே பெயர் சூட்டினார். வெளிப்பந்து, அதாவது திறந்த வெளியில் ஆடும் பந்து என்பது அதன் பொருள்.

தோக்கியோவின் முதல் உயர்நிலைக் கல்லூரி மாணவர்கள், யோகோஹாமா வெளிநாட்டவர் அணியோடு ஆட விரும்பிப் பல ஆண்டுகள் அழைப்பு விடுத்தனர். ஒவ்வொரு முறையும் மறுப்பே வந்தது. மாணவர்கள் சினந்து ஆட்டத்தையே உதறி விடவில்லை; கெஞ்சிக் கொண்டும் நிற்கவில்லை. கோடையிலும் குளிரிலும் பயிற்சி செய்தார்கள்.

கதவு 1896-ஆம் ஆண்டு மே 23 அன்று திறந்தது. இதே பூங்காத் திடலில் ஆட்டம் நடந்தது. மாணவர்கள் 29 ஓட்டங்கள், எதிரணி 4. வெளிநாட்டவர்கள் அதிர்ந்தனர். ஜூன் 5 அன்று நடந்த அடுத்த ஆட்டத்தில், துறைமுகத்தில் நின்ற அமெரிக்கப் போர்க்கப்பல்களின் மாலுமிகளையும் சேர்த்துக் கொண்டு வந்தனர். முடிவு 32-க்கு 9. வென்றவர்கள் மீண்டும் மாணவர்களே. அவ்வாண்டு நடந்த நான்கு ஆட்டங்களில் மூன்று அவர்களுடையதாயிற்று. அமெரிக்க விடுதலை நாளான ஜூலை 4 அன்று மட்டும் 14-க்கு 12 என்று தோற்றனர்.

கவனித்தீர்களா? துறைமுகத்தில் கப்பல் நிற்கும் வேளையில் கரையிறங்கிப் பேஸ்பால் திடலுக்குப் போவது இவ்வூரில் நூற்றாண்டைக் கடந்த வழக்கம்.

மண் மாறவில்லை

1923 செப்டம்பர் 1 அன்று பெரும் நிலநடுக்கமும் தீயும் யோகோஹாமாவை அழித்தன. அந்த நாளில் பல்லாயிரம் பேர் இந்தப் பூங்காவில் தஞ்சம் புகுந்து உயிர் தப்பினர். நகரை மீண்டும் எழுப்பியபோது, 1929-இல் இங்கே முறையான பேஸ்பால் மைதானம் கட்டப்பட்டது. அமெரிக்காவின் புகழ்பெற்ற ஆட்டக்காரர்களான பேப் ரூத்தும் லூ கெரிக்கும் 1934-இல் இங்கு வந்து ஆடினர். உலகப் போரில் ஜப்பான் வீழ்ந்த பின் அமெரிக்கப் படையினர் மைதானத்தைக் கையகப்படுத்தி, லூ கெரிக்கின் பெயரையே அதற்குச் சூட்டினர். கதவு இரண்டாம் முறை மூடிற்று. எனினும் 1948 ஆகஸ்டு 17 அன்று, ஜப்பானியத் தொழில்முறை அணிகளின் முதல் இரவு ஆட்டம் மின்விளக்கொளியில் நடந்ததும் இங்கேதான். 1952-இல் மைதானம் நகருக்குத் திரும்பக் கிடைத்தது. இப்போதுள்ள அரங்கம் 1978-இல் திறக்கப்பட்டது. தோக்கியோ ஒலிம்பிக்கின் பேஸ்பால் இறுதியாட்டம் 2021-இல் இங்கே நடந்தபோது ஜப்பான் வென்றது. தோற்ற நாடு அமெரிக்கா.

பிறர் கொண்டு வந்து, பிறர் பூட்டி வைத்த ஒன்றைப் பகையின்றிக் கற்றுத் தம்முடையதாக்கிக் கொண்ட ஒரு மக்கள் கூட்டத்தின் வரலாறு இது. இத்தனையும் நடந்த மண்ணில் மூன்று மணி நேரம் அமர்வது வீண்பொழுது ஆகுமா?

ஆட்டம் எப்படி?

கிரிக்கெட் தெரிந்தவர்களுக்குப் பேஸ்பால் எளிது. ஒரு சதுரத்தைச் சாய்த்து வைத்தாற்போல் நான்கு முனைகள். ஒவ்வொன்றும் ஒரு தளம். ஒரு தளத்திலிருந்து அடுத்ததற்கு 27 மீட்டருக்குச் சற்று அதிகம். எறிபவர் 18.44 மீட்டர் தொலைவிலிருந்து பந்தைத் தரையில் படாமல் நேராக எறிகிறார். அடிப்பவர் பந்தை எல்லைக் கோடுகளுக்குள் அடித்து விட்டால் ஓடியே தீர வேண்டும். நான்கு தளங்களையும் தொட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வந்தால் ஓர் ஓட்டம். மூன்று நல்ல பந்துகளைத் தவறவிட்டால் அவர் வெளியே; அடிக்கத் தகாத நான்கு பந்துகள் எறியப்பட்டால் முதல் தளம் இலவசம். ஓர் அணியில் மூவர் வெளியேறினால் மற்ற அணியின் முறை. இவ்வாறு ஒன்பது சுற்றுகள்.

பத்து முறை மட்டை பிடித்து மூன்று முறை சரியாக அடிப்பவரே சிறந்த ஆட்டக்காரர். ஏழு முறை தோற்பவரை வீரர் என்று கொண்டாடும் ஆட்டம் இது. தேர்வில் மதிப்பெண் குறைந்த பிள்ளையை அதட்டும் பெற்றோர் இக்கணக்கை ஒரு முறை எண்ணிப் பார்க்கலாம்.

இன்னொன்றும் உண்டு. தம் தோழர் அடுத்த தளத்துக்கு முன்னேற வேண்டும் என்பதற்காக, அடிப்பவர் மட்டையை வீசாமல் பந்தை மெல்லத் தட்டி விட்டுத் தாம் வெளியேறுவார். "தியாக அடி" என்று இதற்குப் பெயர். அமெரிக்காவில் இப்போது அருகிவிட்ட இக்கலையை ஜப்பானியர் இன்றும் போற்றுகின்றனர். யோமியூரி ஜயண்ட்ஸ் அணியில் ஆடிய மசாஹிரோ கவாய் தம் வாழ்நாளில் 533 முறை இவ்வாறு செய்தார். உலகில் வேறு எவரும் அந்த எண்ணிக்கையை எட்டவில்லை. அவர் பந்தைத் தட்டிவிட்டுத் திரும்பி நடக்கையில் எழும் கைதட்டல், பெரிய அடி அடித்தவர்க்குக் கிடைக்கும் கைதட்டலுக்குக் குறைந்ததன்று. குடும்பத்துக்காகத் தம்மை முன்னிறுத்தாத ஒருவர் நம் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறார். அவருக்கு நாம் எப்போது கைதட்டினோம்?

இரைச்சலிலும் ஒரு முறை

மைதானத்தில் நீங்கள் முதலில் உணர்வது ஓசையை. முரசும் எக்காளமும் முழங்க, ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் ஒரு தனிப் பாட்டு. யோகோஹாமாவின் பேஸ்டார்ஸ் அணியினரின் ஆதரவாளர்கள் வலப்புறம் அமர்வர். விருந்தினர் அணியினர் இடப்புறம். இதில் வியப்பு யாதெனில், தம் அணி மட்டை பிடிக்கும்போது மட்டுமே ஒரு தரப்பார் பாடுவர். மூவர் வெளியேறியதும் பாட்டை நிறுத்திவிட்டு அமர்ந்து கொள்வர். மறு தரப்பார் பாடத் தொடங்குவர். எதிரியின் முறை வரும்போது அவன் குரலுக்கு இடம் விடுகிறார்கள். ஒருவர் பேசி முடிக்கும் முன் மற்றவர் பேசும் நம் கூட்டங்கள் சில நினைவுக்கு வந்தால் அது என் குற்றமன்று.

பொறுமையையும் இவர்களிடம் காணலாம். 1998-இல் தேசியப் பட்டத்தை வென்ற இந்த அணி, மறுபடி வெல்ல 26 ஆண்டுகள் ஆயின. 2024-இல் தம் பிரிவில் மூன்றாவதாக வந்தும், தகுதிச் சுற்றுகளைத் தாண்டி நவம்பர் 3 அன்று இதே மைதானத்தில் பட்டம் சூடினர். தந்தையின் தோளில் அமர்ந்து 1998 வெற்றியைப் பார்த்த சிறுவர்கள், 2024 வெற்றியைத் தம் பிள்ளைகளோடு பார்த்திருப்பார்கள்.

செல்வோர் கவனத்துக்கு

பேஸ்பாலுக்குக் கடிகாரம் இல்லை. அமெரிக்காவில் 2023 முதல், எறிபவர் இத்தனை வினாடிக்குள் எறிய வேண்டும் என்று விதி செய்து, ஆட்ட நேரத்தைச் சுமார் 2 மணி 40 நிமிடமாகக் குறைத்தனர். ஜப்பானில் சாதாரண ஆட்டமே மூன்று மணி நேரத்தைத் தாண்டும். சமநிலை ஏற்பட்டால் பன்னிரண்டாம் சுற்று வரை நீளும்.

கப்பலுக்கோ கடிகாரம் உண்டு. கப்பல் புறப்படும் நேரம் வேறு; பயணிகள் ஏறியிருக்க வேண்டிய நேரம் வேறு. பின்னது அரை மணியோ ஒரு மணியோ முன்னதாக இருக்கும். கப்பல் நிறுவனமே அழைத்துச் செல்லும் சுற்றுலா தாமதமானால் கப்பல் காத்திருப்பதுண்டு. தாமாகச் சென்றவர்களுக்காகக் காத்திராது. தவறவிட்டவர் அடுத்த துறைமுகத்துக்குச் சொந்தச் செலவில்தான் போய்ச் சேர வேண்டும்.

வார நாள்களில் ஆட்டங்கள் பெரும்பாலும் மாலையில் தொடங்கும். பிற்பகல் ஆட்டங்களை வார இறுதியிலும் விடுமுறை நாள்களிலும் காணலாம். மாலையில் புறப்படும் கப்பல் என்றால் பிற்பகல் ஆட்டம் மட்டுமே பொருந்தும். சீட்டு விரைவில் தீர்ந்துவிடும், முன்பே வாங்குக. உங்கள் கப்பல் எந்தத் துறையில் நிற்கும் என்றும் விசாரியுங்கள். 1989-இல் கட்டப்பட்ட விரிகுடாப் பாலத்தின் அடியில் நுழைய முடியாத மிக உயரமான கப்பல்கள், தொலைவிலுள்ள தைகோகு துறையில்தான் நிற்கும். அங்கிருந்து நடக்க இயலாது. இந்தியக் கடவுச்சீட்டு உள்ளோர் விசா பற்றியும் முன்னதாகக் கேட்டறிய வேண்டும்.

அரங்கினுள் முதுகில் பீப்பாய் சுமந்த இளம்பெண்கள் மது விற்று வருவர். தலையசைத்து மறுத்தால் போதும், யாரும் வற்புறுத்துவதில்லை. இவ்வூரின் பெயர்பெற்ற ஷூமாய் என்னும் அவித்த பண்டத்தில் பன்றி இறைச்சி உண்டு, தவிர்த்து விடுக. சீவிய பனிக்கட்டியில் ஆரஞ்சுச் சுளைகள் இட்ட குளிர்பண்டம் இம்மைதானத்துக்கே உரியது; குழந்தைகள் விரும்புவர். கண்ணாடிப் புட்டிகளும் தகரக் குப்பிகளும் உள்ளே அனுமதிக்கப்படா. ளுஹரையும் அஸரையும் எங்கே, எப்போது தொழுவது என்பதைக் கப்பலை விட்டு இறங்கும் முன்பே திட்டமிட்டுக் கொள்ளுங்கள்.

திரும்பும் வழியில் பத்து நிமிடம் மிச்சமிருந்தால், துறைக்கு அருகிலுள்ள யமஷிதா பூங்காவுக்குள் செல்லுங்கள். குவிமாடம் கொண்ட ஒரு நீரூற்று மண்டபம் அங்கே நிற்கிறது. 1923 நிலநடுக்கத்தின்போது தமக்கு உதவிய நகரத்தார்க்கு நன்றியாகவும், மாண்ட தம்மவர் நினைவாகவும் அங்கு வாழ்ந்த இந்திய வணிகர்கள் எழுப்பியது அது.

ஏழாம் சுற்று முடியும் முன்பே நீங்கள் எழுந்துவர நேரலாம். யார் வென்றார் என்பது தெரியாமலே போகலாம். அதனால் ஒன்றும் குறைந்து விடாது. அடுத்த இருக்கையில் அமர்ந்திருந்த மூதாட்டி உங்கள் பிள்ளைக்குக் கைதட்டும் தாளத்தைச் சொல்லிக் கொடுத்திருப்பார். "அந்த ஊர் மக்கள் எப்படிப்பட்டவர்கள்?" என்று ஊரில் யாரேனும் கேட்கும்போது, அப்பிள்ளையே பதில் சொல்லும்.