தண்ணீர் விடாமல் ஓட்டிக் காட்டும் எஞ்சின்

1995இல் வலிகாமத்தை விட்டு வெளியேறி, வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாடகை அறைகளில் காலங்கழித்த கமக்காரக் குடும்பங்கள் பல. விடுவிக்கப்பட்ட காணிக்குத் திரும்பும்போது, பஞ்சிகாவத்தையில் பழைய டீசல் எஞ்சின் ஒன்று வாங்கிச் செல்ல நினைப்பது இயல்பே. விற்பவர் எவராயினும், "இரண்டு நிமிடந்தானே" என்று ரேடியேற்றரில் தண்ணீர் விடாமல் ஸ்ரார்ட் செய்து காட்ட முனைந்தால் சம்மதிக்க வேண்டாம். சூட்டில் சிலிண்டர் ஹெட் வளைந்தால் நட்டம் உங்களுக்கே, கடனும் உங்களுடையதே. அதைவிட, தண்ணீரில்லாத ஓட்டத்தில் எந்த ஒழுக்கும் தெரியாது. ஓட்டைக் குழாயும் நல்ல குழாய் போலவே நிற்கும்!

நிரப்பும்போது மெதுவாக ஊற்றுங்கள். உள்ளிருக்கும் காற்று வெளியேற வேண்டும். பிறகு மூடியைத் திறந்தபடியே ஓடவிடுங்கள். தெர்மோஸ்ரற் திறந்ததும் மட்டம் இறங்கும். மீண்டும் நிரப்பி மூடுங்கள். குமிழிகள் ஓயாமல் வந்துகொண்டிருந்தால் ஹெட் கஸ்கற்றைச் சந்தேகியுங்கள், பணத்தை எண்ணாதீர்கள். சூடாக இருக்கையில் மூடியைத் திறப்பதும், கொதித்த எஞ்சினில் பச்சைத்தண்ணீர் ஊற்றுவதும் ஆபத்து.

ஊரில் இன்னொரு கவனம். யாழ்ப்பாணக் கிணற்றுநீர் சுண்ணாம்புக்கல்லில் ஊறி வருவது. கேத்தலின் அடியில் படிவது எஞ்சினுக்குள்ளும் படியும். ரேடியேற்றருக்கென்று மழைநீரைச் சுத்தமாகப் பிடித்து மூடி வையுங்கள்.