காசிமேட்டுச் சுருக்கங்கள்

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போனால், ஐஸ் பெட்டிகளுக்கும் ஏலக் கூச்சலுக்கும் நடுவே கழுத்தில் காமிரா தொங்கப் பத்துப் பேராவது நிற்பார்கள். முகம் எடுக்கப் பழகுகிறவர்கள். இவர்கள் தேடுவது ஒன்றைத்தான்: சுருக்கம். எழுபது தாண்டிய முகம், வெயிலில் கறுத்து, உப்புக் காற்றில் வெடித்து, உதட்டில் பீடியோடு கிடைத்துவிட்டால் போதும். அதைக் கறுப்பு வெள்ளையாக்கி, கான்ட்ராஸ்டை ஏற்றி, ‘உழைப்பு’ என்று பெயர் வைத்துவிடுவார்கள். நம் சிறுபத்திரிகை அட்டைகளும் இந்தச் சரக்குக்கு விலக்கல்ல. கவிதையில் நாம் ஒப்புக்கொள்ளாத மலிவான உருக்கத்தை அட்டையில் கூச்சமின்றி அச்சடிக்கிறோம்.

அந்தக் கிழவர் அந்தப் படத்தை ஒருநாளும் பார்க்கப் போவதில்லை. பார்த்தாலும் தன் வீட்டுச் சுவரில் மாட்டமாட்டார். இது போதாதா, அந்தப் படத்தை நிராகரிக்க?

இந்தப் பார்வை புதிதும் அல்ல. 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வந்த ‘இந்திய மக்கள்’ புகைப்பட நூலையும், சென்னை மியூசியத்தின் சூப்பரின்டெண்டாக இருந்த எட்கர் தர்ஸ்டன் 1909ல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட ‘தென்னிந்தியச் சாதிகளும் குடிகளும்’ நூலையும் புரட்டிப் பாருங்கள். பெரும்பாலான முகங்களுக்கு அங்கே ஆளின் பெயர் கிடையாது, இனத்தின் பெயர்தான். தர்ஸ்டன் மூக்கை அளக்கும் கருவியோடு அலைந்தார். இவர்கள் லென்ஸோடு அலைகிறார்கள்.

நான் வண்ணாரப்பேட்டையில் குடியிருப்பவன். பிழைப்பு வங்கி கவுண்டரில். தபால்தலை அளவு முகத்தையும் எதிரே நிற்கும் முகத்தையும் ஒப்பிடுவது என் வேலையில் ஒரு பாதி. 2014ல் ஜன் தன் கணக்குக்காக நின்ற கூட்டத்தில் ஒன்று புரிந்தது. இங்கே பலருக்குத் தனியாக எடுத்த முகப்படம் என்று ஒன்று இருந்தால், அது சர்க்கார் எடுத்ததுதான்: 1993க்குப் பிறகு வந்த வாக்காளர் அட்டை, 2010ல் தொடங்கிய ஆதார். இறந்த அன்று வீட்டார் அந்த அட்டையைத்தான் பேனர் போடுகிறவரிடம் கொண்டு ஓடுகிறார்கள். தெருமுனையில் பத்தடி உயரக் ‘கண்ணீர் அஞ்சலி’யில் மனிதர், என்றோ ஒரு மையத்தில் வெப்காமிரா முன் திகைத்த அதே திகைப்போடு நிற்கிறார். முகம் எடுக்கக் கற்க விரும்புகிறவனுக்கு வேலை இங்கே இருக்கிறது, துறைமுகத்தில் இல்லை.

என் யோக்யதையையும் சொல்லிவிடுகிறேன். பழைய காமிரா ஒன்றும் 50 எம்.எம். லென்ஸும் வாங்கி, முதலில் எடுத்தது கீழ்ப் போர்ஷனில் இட்லிக் கடை வைத்திருக்கும் அம்மாளை. மொட்டை மாடி, நடுப்பகல், சுண்ணாம்பு அடித்த சுவர். படத்தைப் பார்த்துவிட்டு, “இன்னாத்துக்கு தம்பி என்னை அடுப்புக்கரி மாரி எட்து வெச்சிக்கீற?” என்றார். வெள்ளைத் தோல் மோகம், சினிமா கெடுத்த ரசனை என்று மனசுக்குள் ஒரு கட்டுரையே எழுதிவிட்டேன். விமர்சகனின் வியாதி.

அந்த அம்மாள் சொன்னதுதான் சரி. படத்தில் கண் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு குழிகள் இருந்தன. காமிராவின் ஒளிமானிக்கு முகம் தெரியாது. எதிரே உள்ளதையெல்லாம் சேர்த்து ஒரு நடுச் சாம்பலாக்கப் பார்க்கும். வெள்ளைச் சுவரைச் சாம்பலாக்கும் முயற்சியில் கறுத்த முகத்தை இருட்டில் தள்ளிவிட்டது. ஒரு ஸ்டாப் கூடுதலாகத் திறந்திருக்க வேண்டும். உச்சி வெயிலில் எடுத்திருக்கவே கூடாது. இதில் சரித்திரமும் உண்டு. 1950களிலிருந்து கோடாக் கம்பெனி, கலர் பிரிண்டுகளின் நிறத்தைச் சரிபார்க்க லேபுகளுக்கு அனுப்பிய மாதிரி அட்டையில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண். அட்டைக்குப் பெயர் ‘ஷெர்லி’. அவள் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று அர்த்தம். நம் ஸ்டுடியோக்கள் பவுடர் பூசி, நெகட்டிவில் பென்சிலால் டச் செய்து முகத்தை வெளுத்தன. இன்று அதைக் கைபேசி கேட்காமலே செய்கிறது. கலை என்ற பெயரில் கருக்குவது அந்தப் பொய்யின் மறுபுறம், அவ்வளவுதான்.

இரண்டாம் தடவை காலை எட்டு மணிக்கு, அவர் வீட்டு வாசற்படிக்கு உள்ளே, தெருவைப் பார்த்து உட்கார வைத்தேன். வெளிச்சம் முன்னாலிருந்து மெதுவாக வந்தது. கண்ணில் தெருவின் சிறு வெள்ளைப் புள்ளி விழுந்தது. அது இல்லாத கண் செத்த கண். நானும் தரையில் உட்கார்ந்தேன், நின்றுகொண்டு குனிந்து எடுத்தால் முகம் மனுக் கொடுக்க வந்ததுபோல் ஆகிவிடுகிறது. ஐந்தாறு அடி தள்ளியே இருந்தேன். ஓரடியில் கைபேசியை நீட்டினால் மூக்கு வீங்குவது தூரத்தின் குற்றம், லென்ஸுடையது அல்ல. ஃபோகஸ் பக்கத்துக் கண்ணில். 85 எம்.எம். வாங்கு, பின்னணியைக் கரை என்று உபதேசிக்கிறவர்களுக்கு: பின்னணியில் கரைவது அவர் அடுக்கிய இட்லித் தட்டுகள்.

மூன்றாம் தடவை, நான்காம் தடவை. திரும்பத் திரும்ப ஒரே முகம். புதுவை இளவேனில் எடுத்த சுந்தர ராமசாமியும் கி.ராஜநாராயணனும் நம் மனசில் நிற்பது, அவை வழியில் அகப்பட்ட முகங்கள் அல்ல என்பதால். பழகிய முகம் காமிராவை மறக்கிறது. அதைவிட முக்கியம், பழகிய ஆள் நன்றாக இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்வார். காசிமேட்டுக் கிழவருக்கு அந்த வாய்ப்பை யாரும் தரவில்லை.

ஐந்தாவது தடவை எடுத்ததில் ஒன்றைப் பொறுக்கி, பெரிதாகப் போட்டுக் கொடுக்கச் சொன்னார். தலை வாரி, நேராகப் பார்த்து, கொஞ்சம் விறைப்பாக இருக்கும் படம். எனக்குப் பிடித்தது வேறொன்று: யாரோ கூப்பிட்டுப் பாதி திரும்பியது, நெற்றியில் கலைந்த முடி. அதை அட்டைக்குக் கேட்டார் ஒரு பத்திரிகை நண்பர். அந்த அம்மாளிடம் கேட்டேன். “அத்த வாணாம்” என்றார். கொடுக்கவில்லை. நண்பருக்கு இன்னும் கோபம்.